வண்டியின் நெற்றி

எங்கள் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதை முதலில் பார்ப்பவள் நான்தான். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வேலை? முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்த கண் என்னுடையது. ஒரு காகிதத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் பிடித்துவிடும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் திரையில் மஞ்சளாக ஏதாவது முளைத்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "ஏன்னா, எரியறது" என்பேன். "தெரியும்" என்பார் என் கணவர். தெரிந்திருக்காது.

அந்த வண்டி எங்கள் தெருவுக்கு ஏற்றதல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தத் தெருவுக்குள் வெள்ளைவெளேரென்று ஒரு சொகுசு எஸ்யூவி வந்து நின்றபோது எதிர்வீட்டு மாமி, "இதை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பேள்?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. வெளிநாடு போகிற ஒரு டாக்டர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது. குளத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அதில் நிறுத்தினோம்.

வாங்கச் சொன்னது எங்கள் மகள். அவளுக்குக் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஃபிளாட். அதற்கு முந்தைய வருஷம் அவள் அப்பா எங்கள் பழைய சின்னக் காரை அட்டக்குளங்கரை சிக்னலில் ஒரு ஆட்டோவின் பின்னால் கொண்டுபோய் முட்டிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆட்டோக்காரர் இறங்கி வந்து சண்டை போடாமல், இவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அங்கிளே, இனி வீட்டில் இருந்நூடே?" என்றார். இனிமேல் வீட்டில் இருக்கக் கூடாதா என்று ஒரு அந்நியர் அன்பாகக் கேட்டது இவருக்கு வசவு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

மகள்தான் வழி சொன்னாள். "அப்பா ஓட்டட்டும். பட், தானா பிரேக் போடற வண்டியா இருக்கணும்." இது அந்த மாதிரி வண்டி. முன்னால் போவதை அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்காவிட்டால் கத்தும்; கத்தியும் கேட்காவிட்டால் தானே நின்றுவிடும். அவள் ஒரு நிபந்தனையும் வைத்தாள். அந்த வசதி வேலை செய்யவில்லை என்று விளக்கு எரிந்தால் சாவி என் கைக்கு வந்துவிட வேண்டும், சரியாகும்வரை அப்பா ஓட்டக் கூடாது. இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார்.

ஓட்டுவதும் போய்விட்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். உப்பை விட்டார், ஷட்டில் விளையாடுவதை விட்டார், சிநேகிதர்களில் பாதிப்பேர் அவரை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சாயங்காலம் என்னைச் சங்குமுகம் கூட்டிக்கொண்டு போவது ஒன்றுதான். என் முழங்கால் பஸ்ஸுக்கு லாயக்கில்லை. கடற்கரையில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து இருபது நிமிஷம் கடலைப் பார்ப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அந்தப் பயணத்துக்காக அவர் நாலு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டுவிடுவார்.

வண்டி வந்த மாதமே ஒரு விளக்கு எரிந்தது. டயரில் காற்று குறைவு. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடை வாசலில் நிறுத்தியதில் ஆணி ஏறியிருந்தது. பஞ்சர் ஒட்டியதும் விளக்கு போய்விட்டது. அது யோக்கியமான விளக்கு, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஏதோ அரித்தது. எதிர்வீட்டு மாமி கண்ணோ, என் கண்ணேதானோ, யார் கண்டது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் வாழையிலைத் துண்டில் கொடுத்த சந்தனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அவருக்குத்தான் முதலில் வைக்கப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் முயற்சி செய்கிறேன். அவர் நெற்றியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அன்றைக்கும் இழுத்துக்கொண்டு, "வண்டிக்கு வேணும்னா வை. எனக்கு வேண்டாம்" என்றார். வண்டிக்கு எங்கே வைப்பது? முன்பக்கம் நட்டநடுவில், சின்னத் தட்டு மாதிரி வழவழவென்று கம்பெனியின் முத்திரை இருக்கிறது. வண்டிக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அதுதான். சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வண்டி துடைப்பதைப் பார்த்தேன். தினமும் ஒரு மணி நேரம் துடைப்பார். பானெட்டைத் துடைத்தார், விளக்குகளைத் துடைத்தார், முத்திரைக்கு வந்ததும் துணியை மடித்து விரல் நுனியில் சுற்றிக்கொண்டு, சந்தனத்தின் ஓரம்கூடக் கலையாமல் சுற்றிலும் துடைத்தார். "அதை ஏன் விட்டுட்டேள்?" என்று கேட்டேன். "நீ வச்சதாச்சே" என்றார். நாற்பது வருஷமாக ஒரு பொட்டு வைக்க இடம் கொடுக்காத மனுஷன், நான் வைத்த பொட்டைக் காவல் காக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை காய்ந்த சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் வைத்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. நாலைந்து வாரத்தில் அது உளுந்து வடை கனத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் மகள் சொன்ன அந்த விளக்கு எரிந்தது. சங்குமுகம் போகிற வழியில், ஈஞ்சக்கல் தாண்டியதும். மஞ்சளில் ஒரு கார்ப் படம், கீழே இங்கிலீஷில் ஒரு வரி: முன்புற உதவி இப்போது இயங்காது, கையேட்டைப் பார்க்கவும். "ஏன்னா, எரியறது" என்றேன். இந்தத் தடவை அவர் "தெரியும்" என்று சொல்லவில்லை. வண்டியை மெதுவாகத் திருப்பி வீட்டுக்கு வந்து, கேட்காமலே சாவியை என் கையில் வைத்தார்.

கையேடு தலையணை கனம் இருந்தது. பேராசிரியர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தார். பனி, உறைபனி, சேறு, பலத்த மழை இவற்றால் அந்த விளக்கு எரியலாம் என்று போட்டிருந்தது. "பங்குனி மாசத்துல திருவனந்தபுரத்துல பனிக்கு எங்கே போறது?" என்றார். சேறும் இல்லை, தினமும் துடைக்கிற வண்டி. மழை வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தப் பட்டியலில் சந்தனம் இல்லை. எந்தத் தேசத்திலோ உட்கார்ந்து எழுதியவருக்கு எங்கள் வெள்ளிக்கிழமை எப்படித் தெரியும்?

கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து, இவர் முன்சீட்டில் வழி சொல்ல, டீலரிடம் போனோம். பைபாஸ் ரோட்டில் இருக்கும் அவர்கள் சர்வீஸ் சென்டர் கல்யாண மண்டபத்தைவிடப் பெரியது. காபிக்கு மெஷின், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. வந்த வண்டியை முதலில் நுரை போட்டுக் குளிப்பாட்டிவிட்டுத்தான் பட்டறைக்குள் கொண்டுபோவார்கள். வாடிக்கையாளருக்கு அது ஒரு மரியாதை. இரண்டு மணி நேரம் கழித்து கோட்டுப் போட்ட அட்வைஸர் வந்து, "ஒரு குழப்பவும் இல்லா சார்" என்றார், கோளாறு எதுவும் இல்லையாம். பழைய பிழைக் குறிப்பு ஒன்று கம்ப்யூட்டரில் கிடந்ததாம், அழித்துவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 'பரிசீலிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை' என்று எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்புவது எனக்குத் தெரியாத வித்தையா? நானே எத்தனை அனுப்பியிருக்கிறேன்.

வண்டி பளபளவென்று வந்தது, நெற்றி வெறுமையாக. எனக்குப் பொறுக்குமா? வெள்ளிக்கிழமை வந்ததும் விட்டுப்போனதற்கும் சேர்த்து வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் விளக்கு எரிந்தது.

இரண்டாம் தடவை வண்டியை அவர்களே ஆள் அனுப்பி எடுத்துப்போய் நாலு நாள் வைத்துக்கொண்டார்கள். சாஃப்ட்வேர் புதிதாக ஏற்றினார்கள், ஒரு சின்ன பேட்டரியை மாற்றினார்கள், வேறு எந்த வண்டியிலும் இப்படி வந்ததில்லை என்றார்கள். அந்த நாலு நாளும் இவர் நாலு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போகப் போவதில்லை என்று தெரிந்தும். "ஆட்டோ பிடிச்சுண்டு போகலாமே" என்று கேட்டேன். "கடல் எங்கேயும் ஓடிப் போகாது" என்றார். நான் அடுக்களைக்குள் போய்க் காரணம் இல்லாமல் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன்.

வண்டி திரும்பி வந்தபோது வந்த நன்றி உணர்ச்சியில் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் இரண்டு இலைச் சந்தனம் கேட்டு வாங்கினேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மறுபடியும் விளக்கு.

விஷயம் மகள் காதுக்குப் போயிற்று. "தேர்ட் டைம் அல்லே அம்மா? இதை நம்பி எப்படி அப்பாவை விடறது? என் ஆபீஸ்ல ஒருத்தர் வாங்கிக்கறேங்கறார். ஞாயித்துக்கிழமை பார்க்க வருவார். இனிமே ஆப்ல வண்டி புக் பண்ணிப் போங்கோ, போதும்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவை. நானே கூட இருந்து பார்க்கறேன். அப்பவும் சரியாகலைன்னா குடுத்துடலாம்" என்றார். மகள், "சரிப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் டீலரின் டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். நாங்கள் பின்சீட்டில். அந்த வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மடியில் கையேடு, அதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிகள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு நகரத்தில் எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்து சர்வீஸ் சென்டரில் தண்ணீர் இல்லை. வாஷிங் பின்னால் செய்து தருகிறோம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வண்டியை அப்படியே பட்டறைக்குள் எடுத்துப்போனார்கள். இவர் கையேட்டைத் தூக்கிக்கொண்டு அட்வைஸரின் மேஜைக்குப் போனார். நான் சோபாவில் மாட்டிக்கொண்டேன்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பது வயது மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அம்மா, நீங்க தமிழ் அல்லியா? அந்த வண்டிக்க முன்னால சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான். ஏன், அழிஞ்சுடுத்தா?"

"நான்தான் அழிச்சேன். அழிச்சதும் லைட்டு போச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த எம்ப்ளத்துக்க பின்னாலதான் ரேடார் இருக்கு. முன்னால என்ன வருதுன்னு பாக்குத கண்ணு அது. நீங்க அதை மூடிட்டீங்க. ரெண்டு தடவையும் கழுவிட்டு உள்ள வந்ததுனால எங்களுக்கும் தெரியல."

என் கணவருக்கு ஒன்றும் வரக் கூடாது என்று வைத்த சந்தனம் அது. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த கண்ணை நான் வாராவாரம் குருடாக்கிவிட்டு, அவர் கையிலிருந்து சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"விடுங்கம்மா. எங்க வீட்டுல குரிசு, சிலுவை. அது கண்ணாடியில தொங்கும், ஒரு கொழப்பமும் இல்ல" என்றார் அந்த மனிதர், ஆறுதலாக.

நான் அப்போதாவது எழுந்து போய் இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. ஒரு சொகுசு வண்டியை மூன்று தடவை பட்டறைக்கு அனுப்பியவள் என்று அந்தக் கோட்டுக்காரர் முன்னால் பெயர் வாங்க வேண்டுமா? எனக்குள் இருந்த பழைய செக்ஷன் ஆபீசர் விழித்துக்கொண்டாள். "ஜாப் கார்டுல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன். நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்றார். "சந்தனம்னு எழுத வேண்டாம். 'சென்சார் மேல் அழுக்கு. சுத்தம் செய்யப்பட்டது'ன்னு எழுதுங்கோ. அதுவும் நிஜம்தானே?" என்று வாசகம் எடுத்துக் கொடுத்தேன். யார் மேலும் குற்றம் விழாத குறிப்பு. அப்படி எழுதுவதில் ஆபீசில் எனக்கு நல்ல பெயர். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்து நிமிஷத்தில் இவருடைய குரல் உயர்ந்தது கேட்டது. எழுந்து போவதற்குள் பாதிச் சண்டை முடிந்திருந்தது. "அழுக்கோ? எந்து அழுக்கு? ஞான் திவசவும் துடய்க்குந்நதாணு" என்று மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார். தினமும் என் கையால் துடைக்கிற வண்டி, அதில் அழுக்கு எப்படி வரும் என்று கையேட்டை மேஜையில் தட்டினார். அட்வைஸர் நல்ல பிள்ளை. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே, வயசாகும்போது சின்ன அழுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாது சார், எங்கள் அப்பாவும் இப்படித்தான் என்றார்.

இவர் கையேட்டை மூடினார். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். நான் எழுதச் சொன்ன குறிப்பில் ஒருவர் மேல் குற்றம் விழத்தான் செய்தது.

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். திரையில் மஞ்சள் எதுவும் இல்லை. வண்டியைக் கிளப்பவில்லை.

"அவளுக்கு ஃபோன் பண்ணு. ஞாயித்துக்கிழமை அந்த மனுஷனை வரச் சொல்லு" என்றார்.

"அதான் விளக்கு போயிடுத்தே."

"விளக்கு போச்சு. ஒரு முழத்துல இருக்கற அழுக்கு எனக்குத் தெரியலை. தினம் துடைச்சும் தெரியலை. ரோட்டுல ஒரு குழந்தை குறுக்கே வந்தா தெரியுமா? அவ சொல்றதுதான் சரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சைத் தாளில் மார்க் போடுகிற குரலில் சொன்னார்.

"அது அழுக்கு இல்லைன்னா" என்றேன். "என் சந்தனம்."

எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, மெக்கானிக் வந்து சொன்னதை, அழுக்கு என்று எழுதச் சொன்னது நான்தான் என்பதை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி கேட்டார்.

"அழுக்குன்னு எழுதச் சொன்னது நீயா?"

"நான்தான்."

"அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?"

"கண்ணு தெரியாமயா என் சந்தனத்துல துணி படாம அத்தனை நாள் சுத்தித் துடைச்சேள்?"

அவர் ஸ்டியரிங்கின் மேல் குனிந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன், சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் அலைகளைப் பத்திப் பாடம் எடுத்தேன். முன்னாடி ஒரு வடையை அப்பி வச்சிருக்கே, அலை எப்படிப் போகும்னு எனக்குத் தோணித்தா பாரு" என்றார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மகளுக்கு அங்கிருந்தே ஃபோன் செய்து நானே சொன்னேன். "அம்மா, சீரியஸா?" என்றாள் அவள். அப்புறம் அவளும் சிரித்தாள். வாங்க இருந்தவரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். "சாவி?" என்று கேட்டேன். "அப்பாட்டயே இருக்கட்டும். சந்தனத்தை நீ தள்ளி வச்சுக்கோ" என்றாள். இவர் வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே சங்குமுகம் போனோம். வெயில் நேரம், எங்களைத் தவிர ஒரு ஐஸ்கிரீம் வண்டிதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சந்தனத்தை வாங்காமல் வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை கேட்கவில்லை, வாங்கிவிட்டது. சாயங்காலம் இலைத்துண்டோடு கொட்டகைக்குப் போனபோது அவர் சட்டை மாற்றிக்கொண்டு வண்டிக்குக் கடைசித் துடைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது முத்திரையையும் சேர்த்துத் துடைத்தார். கழுவிய தட்டு மாதிரி மின்னியது. நான் அதன் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் துணியை மடித்து வைத்தார். சுற்றிக்கொண்டு வந்து எனக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார். உயரமானவர், என் கைக்கு எட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"ஓட்டறது நான்தானே. இங்கே வை."

"உங்களுக்குப் பிடிக்காதே?"

"எனக்கு ரேடார் கிடையாது. வை."

பழக்கம் இல்லாத நெற்றி, பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. சரிசெய்யப் போனேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சங்குமுகம் போய்த் திரும்பும்வரை ஒரு விளக்கும் எரியவில்லை. அவர் நெற்றியைத் துடைக்கவும் இல்லை.